எழுபத்திரண்டில் இருபத்தேழு

ரமலான் 1393 — 2,150 ரியால்
ரமலான் 1394 — 3,075 ரியால்
ரமலான் 1395 — 4,640 ரியால்
ரமலான் 1396 — 6,300 ரியால்
ரமலான் 1397 — இல்லை
ரமலான் 1398 — 780 ரியால்
ரமலான் 1402 — 910 ரியால்
ரமலான் 1408 — 415 ரியால்
ரமலான் 1415 — 120 ரியால்

இவை ஒரே வீடு ஏழைகளுக்குக் கொடுத்த ஸகாத் தொகைகள், ஹிஜ்ரி ஆண்டுப்படி. ஒவ்வோர் ஆண்டும் ரமலான் இருபத்தேழாம் நாள் சரக்கை எண்ணி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கை எடுத்து எழுதியவன் நான். நடுவில் சில ஆண்டுகளை விட்டிருக்கிறேன். அவற்றில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. முதல் நான்கு தொகையும் துகைல் கொடுத்தவை. மற்றவை அவர் மனைவி ஹைலா கொடுத்தவை. 1397 ரமலானில் அந்தச் சரக்கு இன்னும் பங்கு பிரிந்து முடியவில்லை. அதனால் அதற்கு நேரே எதுவும் எழுதவில்லை.

ஹைலா 1416 ஷவ்வால் மாதம் மவுத்தானார். இருபத்தேழு ஆண்டுகள் அவரோடு பேசியிருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை. அவரைப் பற்றி எழுத என்னிடம் இருப்பவை அவர் குரலும் சில தேதிகளும்தான்.

உனைஸாவில் பேரீச்சை மொத்த வியாபாரம் செய்த ஸாமிலின் மூன்றாவது மகள் அவர். தகப்பனாரின் கிட்டங்கியில் மூட்டை எண்ணியே கணக்குக் கற்றுக்கொண்டவர் என்று துகைல் சொல்லுவார். பதினாறு வயதில் கல்யாணம். 1387இல் ஹுஸ்ஸா என்று ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் உண்டானவை எதுவும் தங்கவில்லை.

துகைலுக்கு தண்ணீர் பம்ப் வியாபாரம். இத்தாலியக் கம்பெனி ஒன்றின் பம்புகளுக்கு எங்கள் பகுதி முழுவதற்கும் அவர்தான் முகவர். கோதுமைக்கு அரசாங்கம் நல்ல விலை கொடுக்கத் தொடங்கிய காலம் அது. கிணறு இல்லாதவன் கிணறு தோண்டினான், கிணறு இருந்தவன் பம்ப் மாட்டினான். 1389இல் நான் அங்கே கணக்கெழுதச் சேர்ந்தேன்.

கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு. கதவு எப்போதும் நான்கு விரல் அளவு திறந்திருக்கும். அதற்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் ஹைலா. யாராவது வந்தால் முதலில் காவா என்னும் அரபுக் காப்பி. உடல்நலம், பிள்ளைகள், மழை, ஒட்டகம் எல்லாம் விசாரித்து முடித்து, மூன்றாவது கோப்பையைப் போதும் என்று ஆட்டிக் கீழே வைத்த பிறகுதான் பம்ப் என்ற சொல்லே வாயில் வரும். விலை பேசும்போது கதவுக்குப் பின்னாலிருந்து மோதிரம் மரத்தில் தட்டும். ஒரு தட்டு என்றால் கூடாது. இரண்டு தட்டு என்றால் கொடுக்கலாம். இது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பதாயிஃ ஊர்க் கிழவர் ஒருவரைத் தவிர.

"துகைல், உன்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்லப்பா," என்பார் அவர். பிறகு கதவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஏ கதவே, நீயாவது இந்த ஏழைக்கு ஒரு விலை சொல்லேன்."

ஒரு தட்டு.

"பார்த்தியா! கதவுக்குக்கூட என்மேல இரக்கம் இல்ல."

"கதவு என்ன மாமா செய்யும், அது வெறும் மரம்," என்பார் துகைல்.

"மரமா? நாலு ஆம்பளைக்குச் சமமா கணக்குப் போடுது. நீ உள்ள போயி உக்காரு, அத வெளிய அனுப்பு."

துகைல் சிரிப்பார். நானும் சிரிப்பேன். கதவுக்குப் பின்னால் சிரித்தார்களா என்று தெரியாது. பாங்கு சொன்னால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேரம் பேசிய வாயோடு எல்லோரும் பள்ளிக்குப் போவோம். தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

1397 ஸஃபர் பதினொன்றாம் நாள் காலை துகைல் ஒரு விவசாயியின் கிணற்றுக்குள் இறங்கினார். பம்ப் நின்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். டீசல் எந்திரமும் கிணற்றுக்குள்ளேயே இருந்தது. புகை அடியில் தங்கியிருந்தது. கயிற்றைக் கட்டி மேலே தூக்கியபோது உயிர் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். மூன்று நாள் கடை மூடியிருந்தது. மூன்று நாளும் கடை வாசலில் விரிப்புப் போட்டு, ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு நான் காவா ஊற்றினேன்.

மூன்றாம் நாள் மாலை துகைலின் தம்பி ஜாசிர் பள்ளிவாசல் படியில் என்னை நிறுத்தினார். ஜாசிர் லாரி வைத்துத் தண்ணீர் விற்பவர். ஒன்பது பிள்ளைகள்.

"அபூ துர்க்கி, அண்ணன் கபுருல ஈரம் காயல. இப்பப் பேசுறது மரியாதை இல்ல," என்றார். "மதினி இத்தா முடியட்டும். அதுவரைக்கும் நான் அந்த வாசல்ல நின்னு சொத்துன்னு ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா உனக்குத் தெரியணும்ல? எனக்கு இருபத்திநாலுல ஒன்பது பங்குன்னு இமாம் சொன்னாரு."

"ஆமா. மனைவிக்கு மூணு, ஒரே மகளுக்குப் பன்னிரண்டு, மீதி உங்களுக்கு."

"பம்பை ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்க முடியாது. கடைய முகவர் பேரோட சேர்த்து வித்துத்தான் பிரிக்கணும். புரைதா வியாபாரி ஒருத்தர் நல்ல விலைக்கு எடுத்துக்குறேன்னு சொல்லிட்டாரு. எனக்கும் நிலம் ஒண்ணு வந்திருக்கு. நான் தப்பாக் கேக்குறேனா?"

தப்பாகக் கேட்கவில்லை. அவருடைய பங்கு குர்ஆனில் இருக்கிறது.

மறுவாரம் கதவுக்குப் பின்னாலிருந்து ஹைலா என்னைக் கூப்பிட்டார்.

"அபூ துர்க்கி, கடை நிலைச்சு நிக்கணும். ஹுஸ்ஸாவுக்கு வேற ஒண்ணும் இல்ல. எனக்கும் வேற ஒண்ணும் தெரியாது. முகவர் பதிவு ஒரு பொம்பளை பேருல இருக்கலாமா?"

நான் ரியாதுக்குப் போய் விசாரித்து வந்தேன். இருக்கலாம், மேலாளராக ஓர் ஆணின் பெயரும் சேர்ந்திருந்தால் போதும் என்றார்கள். என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். மிச்சம் இருந்தது ஜாசிரின் பங்கு. கடையின் மதிப்பு இரண்டரை லட்சம் ரியால். அதில் ஒன்பது பங்கு தொண்ணூற்று மூவாயிரத்துச் சொச்சம். ஹைலாவின் நகையை முழுவதும் விற்றால் இருபத்தையாயிரம் வரும். வயதுக்கு வராத மகளின் பங்கில் கைவைக்கக் கூடாது. இதைக் கணக்குப் போட்டு அவரிடம் சொன்னேன்.

"சரி," என்றார்.

விதவையிடம் இத்தா, அதாவது கணவன் இறந்தபின் வெளியே வராமல் காத்திருக்கும் காலம், முடியுமுன் பங்கு பேசினால் குற்றம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் யாரும் பேச மாட்டார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் எண்ணி வைத்திருந்தேன். ஜுமாதல் ஆகிர் இருபத்தொன்றில் முடிந்தது. இருபத்திரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு ஜாசிர், பள்ளி இமாம், நான் மூவரும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். நான் காவா ஊற்றினேன்.

"மதினி, அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம், ஜாசிர். பிள்ளைங்க எல்லாம் சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"வீட்ல உம்மு பந்தருக்கு முட்டிவலி குறைஞ்சுதா?"

"எங்க குறையுது. ஏறி இறங்க முடியல. ஆனா ஊர் சுத்த மட்டும் முடியுது."

"லாரி ஓடுதா?"

"ஓடுது. போன வாரம் டயர் ரெண்டு போச்சு."

"அல்லாஹ் ஈடு தருவான்."

இப்படி ஒரு சுற்று முடிந்தது. ஜாசிர் கோப்பையை ஆட்டிக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மதினி, அல்லாஹ் உங்களுக்குப் பொறுமைக்கான கூலியைத் தரட்டும். நேத்தோட உங்க இத்தா முடிஞ்சுது. அதனால ஒரு விஷயம் பேசலாம்னு..."

"முடியல," என்றது குரல்.

"எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தோம். அபூ துர்க்கிதான் எண்ணினாரு."

"அவரு எண்ணினது சரி. எனக்கு அந்த எண்ணிக்கை இல்ல."

இமாமுக்குத்தான் முதலில் புரிந்தது. லா இலாஹ இல்லல்லாஹ் என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தாடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஜாசிர்.

"பிரசவம் வரைக்கும், ஜாசிர்," என்றார் இமாம். "கர்ப்பிணிக்கு நாலு மாசம் பத்து நாள் இல்ல. பிள்ளை பொறந்தாத்தான் இத்தா முடியும்."

ஜாசிர் என்னைப் பார்த்தார், இமாமைப் பார்த்தார், காலிக் கோப்பையைப் பார்த்தார். "எத்தனை மாசம்?" என்றார்.

"அது உன் கேள்வி இல்ல," என்றார் இமாம்.

"உங்க அண்ணனுக்குத் தெரியும்," என்றது குரல். "ஹஜ் மாசமே நான் சொல்லிட்டேன். கிணத்துக்குப் போகுமுன்ன பேர்கூடப் பேசினோம்."

வெளியே வந்ததும் ஜாசிர் தெருவில் நின்றுவிட்டார். "எங்க வீட்டுக்காரி வாரத்துக்கு ரெண்டு தடவ இங்க வந்து உக்காந்துட்டுப் போறா. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

மறுநாள் அவரே வந்து சொன்னார். "கேட்டேன். 'நீ கேக்கவே இல்லியே'ங்குறா."

ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆண்கள் நாங்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

நீதிபதியான காழியிடம் சொன்னபோது, பிள்ளை பிறக்கும் வரை பங்கு பிரிக்க வேண்டாம் என்றார். பிறப்பது ஆண் என்றால் ஜாசிருக்கு ஒன்றும் இல்லை. பெண் என்றால் ஐந்து பங்கு. ஜாசிர் இதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். அந்த வாரம் மனைவியின் கையில் ஒரு டின் பசு நெய்யும் ஒரு கூடை ஸுக்கரிப் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். கர்ப்பிணிக்குக் கொழுந்தன் வீட்டிலிருந்து போக வேண்டியது அது.

ரஜப் ஒன்பதில் கம்பெனி ஆள் வந்தார். ரென்ஸோ என்று பெயர். வழக்கம்போல் முகவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தவர். லிபியாவில் வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் பேச்சு அவருக்கு உடைந்து உடைந்து வரும். துகைலை நினைத்து உண்மையாகவே அழுதார். பிறகு கதவுக்கு நேரே திரும்பி உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள், கேட்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அம்மணி, எனக்கு மிகத் துக்கம்," என்றார். இமாம் இருந்திருந்தால் அவர்கூடச் சிரித்திருப்பார்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்," என்றார் ஹைலா. "வீட்ல எல்லாரும் சுகமா?"

"எல்லாம் சுகம். அம்மணி, கம்பெனிக்கு ஒரே பெயர் வேண்டும். ஒரே கையெழுத்து. நீங்கள் நல்ல வியாபாரி, எனக்குத் தெரியும். துகைல் சொல்வார், விலை எல்லாம் கதவு சொல்லும் என்று." அவர் தாளை எடுத்துத் திரைக்குக் கீழே நகர்த்தினார். "இங்கே போடுங்கள். முடிந்தது. மற்றது எல்லாம் உங்கள் குடும்ப விஷயம்."

தாள் சிறிது நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு அதே வழியாகத் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை.

"மிஸ்டர் ரென்ஸோ, இது இன்னும் என்னுது இல்ல. யாருதுன்னும் இன்னும் தெரியாது. இப்ப நான் கையெழுத்துப் போட்டா, வயித்துல இருக்குறவன் பங்கையும் கொழுந்தன் பங்கையும் சேர்த்து எடுத்துக்கிட்ட மாதிரி."

"ஆனால் எல்லோரும் போடுவார்கள், அம்மணி."

"எல்லாரும் இத்தாவுல இல்ல."

ரென்ஸோ என்னைப் பார்த்தார். நான் அவர் கோப்பையை நிரப்பினேன். ஆட்ட மறந்துவிட்டார்; ஐந்தாவது கோப்பை வரை குடித்தார். "மூன்று மாதம் காத்திருக்கிறேன்," என்று எழுந்தார். "அதற்கு மேல் கம்பெனி கேட்காது."

ஷஅபான் ஒன்பதாம் நாள் நடுப்பகலில் ஹைலாவுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது. மருத்துவச்சி தர்ஃபா வந்தார். நான் கடையில் இருந்தேன். கதவை உள்ளேயிருந்து முழுவதும் சாத்தியிருந்தார்கள். உள்ளறைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு சுவர். லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஆண் குழந்தை. உயிர் இல்லை.

பொழுது சாய, மஃரிபுக்கு முன் ஜாசிர் வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். தொழ வைக்க இமாம் பெயர் கேட்டார். உள்ளேயிருந்து அப்துல்லாஹ் என்று சொல்லி அனுப்பினார்கள். துகைலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். குழியை மூடும்வரை ஜாசிர் யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

அன்றோடு ஹைலாவின் இத்தா முடிந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து தர்ஃபா கடைப் பக்கம் வந்தார். முகத்திரையோடு வாசலில் நின்று, "அபூ துர்க்கி, ஒரு கணக்குச் சொல்லு," என்றார்.

"கேளுங்க."

"செத்துப் பொறந்த பிள்ளைக்குப் பங்கு இல்ல. தெரியும். பொறந்து ஒரு தடவ அழுதுட்டுச் செத்தா?"

"அழுதா அது வாரிசு. தகப்பன் சொத்து அதுக்குச் சேர்ந்துரும். அது செத்ததும் அதோட பங்கு தாய்க்கும் சகோதரிக்கும் போகும், மீதி கொஞ்சம் சித்தப்பாவுக்கு."

"கொஞ்சம்னா? ஜாசிருக்கு எவ்வளவு?"

"மொத்தத்தை எழுபத்திரண்டா வெச்சா, அழாட்டி ஜாசிருக்கு இருபத்தேழு. அழுதிருந்தா ஏழு."

தர்ஃபா விரலில் எண்ணினார். "ஏழுன்னா நகைய வித்துக் குடுத்துறலாமா?"

"இருபத்தி நாலாயிரத்து முந்நூறு. குடுத்துறலாம். கடை நிக்கும்."

"இருபது பங்கா? ஒரு சின்னச் சத்தத்துக்கா?"

"ஆமா."

"அப்ப எனக்குக் கேட்டுச்சு."

"தர்ஃபா..."

"என்ன தர்ஃபா? அறுபது வயசுக் காது. கேட்டாலும் கேட்டிருக்கும், கேக்காட்டியும் கேட்டிருக்கும். இந்த ஊர்ல பாதிப் பேர இந்தக் கைதான் வெளிய இழுத்துச்சு, உன் மகன் துர்க்கியையும் சேர்த்து. தலை பெருசு, ரெண்டு நாள் படுத்தி எடுத்தான். பிரசவத்துல மருத்துவச்சி சொல்றதுதான் சாட்சி. என் வார்த்தைய எந்தக் காழி தட்டுவாரு?"

அது உண்மை. ஆண்கள் யாரும் இல்லாத இடத்தில் நடந்ததற்கு ஒரு பெண்ணின் சாட்சியே போதும். ஜாசிரும் அவரை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்.

கதவு நான்கு விரல் திறந்திருந்தது. அதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

"தர்ஃபா, உள்ள வா," என்றது குரல்.

தர்ஃபா உள்ளே போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஹைலா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கணக்கையும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. காழி கேட்டா உடனே குடுக்கணும்னு, ரெண்டு தாள்ல தனித்தனியா."

"ஒண்ணைக் கிழிச்சுருங்க."

"எதை?"

"ஏழு போட்டிருக்கிறதை."

நான் கிழிக்கவில்லை. காழி தீர்ப்புச் சொல்லுமுன் கணக்கைக் கிழிப்பது முறையல்ல. இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஷஅபான் பதினேழாம் நாள் காழி எழுத்தரோடு கடைக்கே வந்தார். பிரசவமான பெண்ணை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று அவரே சொன்னாராம். காழி சுவரோரம் உட்கார்ந்தார். ஜாசிர் அவருக்கு எதிரே. இமாம் நடுவில். கதவுக்குப் பின்னால் ஹைலா, தர்ஃபா, ஜாசிரின் மனைவி. காவா எல்லோருக்கும் ஊற்றினேன். ஜாசிர் கோப்பையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

காழி அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு நேரே கேட்டார். "தர்ஃபா பின்த் ஸுவைலிம், பிள்ளை வெளிய வந்தப்ப சத்தம் கேட்டீங்களா?"

கதவுக்குப் பின்னால் வளையல் மட்டும் குலுங்கியது.

"தர்ஃபா?"

"ஷைகே," என்றார் தர்ஃபா. எழுத்தர் பேனாவை மைக்கூட்டில் மறுபடி தோய்த்தார்.

"ஷைகே, அவ சொல்லுமுன்ன நான் சொல்லிர்றேன்," என்றார் ஹைலா. "சத்தம் இல்ல."

"மகளே, நீ வலியில இருந்திருப்பே. மயக்கமா இருந்திருக்கலாம்."

"மயங்கல. அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் நான் காத்துட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுக் கோழி கத்துனது கேட்டுச்சு. தர்ஃபா வளையல் கேட்டுச்சு. அவ பிள்ளைய முதுகுல தட்டுனது கேட்டுச்சு, மூணு தடவ. அவன் சத்தம் இல்ல."

"தும்மல்? மூச்சு? அசைவு?"

"இல்ல."

குரலில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. சரக்குப் பட்டியலை வாசிப்பதுபோல் இருந்தது. காழி தர்ஃபாவிடம் மறுபடி கேட்டார். "அவ சொன்னதுதான்," என்றார் தர்ஃபா. அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"எழுதிக்க," என்றார் காழி எழுத்தரிடம். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் இருபத்தேழு உள்ள தாளைக் கொடுத்தேன்.

காழி போன பிறகு ஜாசிர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த காவா ஆறிப்போயிருந்தது.

"அபூ துர்க்கி, தர்ஃபா கேட்டுச்சுன்னு சொல்லியிருந்தா நான் மறுத்திருக்க மாட்டேன்," என்றார்.

"தெரியும்."

"மதினிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இப்ப என்னைய என்ன செய்யச் சொல்றே? பங்க விட்டுக் குடுக்கவா? வீட்ல பதினோரு வாய் இருக்கு. நிலத்துக்காரன் ஹஜ்ஜுக்குள்ள பணம் கேக்குறான்."

"நான் ஒண்ணும் சொல்லல, ஜாசிர்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க. அதான்," என்றார். கதவுப் பக்கம் திரும்பாமலே உரக்க, "மதினி, அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார்.

"வஅலைக்கும் ஸலாம், ஜாசிர். உம்மு பந்தரை நான் அப்புறமா அனுப்பி வைக்கிறேன்."

ஷவ்வாலில் கடை கைமாறியது. புரைதா வியாபாரி முறை தெரிந்தவர். முதல் தடவை வந்தபோது துகைலுக்காக துஆ செய்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை சரக்கைப் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசினார். மூன்றாம் தடவைதான் விலை சொன்னார், அதையும் குறைத்துச் சொல்லவில்லை. கதவிலிருந்து எந்தத் தட்டும் வரவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, "அப்ப சம்மதம்தானே?" என்று என்னைக் கேட்டார். சம்மதம்தான் என்றேன். ரென்ஸோ அந்த மாதக் கடைசியில் புரைதாவிலேயே இறங்கி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். நானும் புரைதாக்காரரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். கணக்கு அதே கணக்குதான்.

ஹுஸ்ஸாவின் பன்னிரண்டு பங்குக்கு காழி சொன்னபடி ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டோம். ஹைலா தன் மூன்று பங்கைப் பணமாக வாங்கவில்லை. பம்ப் பெல்ட்டு, வாஷர், கயிறு, வாளி, குழாய் மூடி என்று பெரிய வியாபாரி எண்ணிப் பார்க்கச் சலிக்கும் சில்லறைச் சரக்காக எடுத்துக்கொண்டார். 1398 முஹர்ரமில் பெண்கள் சந்தையில் ஒரு மேடையை வாடகைக்குப் பிடித்தார். ஒரு பக்கம் மருதாணி, மறுபக்கம் துணி, நடுவில் பம்ப் பெல்ட்டு. முதலில் சிரித்தார்கள். பிறகு விவசாயிகளின் மனைவிகள் அறுந்த பெல்ட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். ஹைலா அதை முழத்தில் அளந்து பார்த்துப் புதியதை எடுத்துக் கொடுப்பார். வாங்க வருகிறவளிடம், "உன் புருஷன் கிணத்துக்குள்ள எந்திரத்தை வெச்சிருக்கானா?" என்று கேட்பார்; ஆம் என்று சொன்னவளுக்குப் பெல்ட்டு விற்க மாட்டார். மேலே ஏற்றச் சொல்லிவிட்டு வா என்பார்.

ஒவ்வொரு ரமலானிலும் சந்தைக்குப் போய் அவர் சரக்கை எண்ணுவேன். அவர் முகத்திரைக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். இரண்டு பெருநாளும் ஜாசிர் வந்து வாசலில் உட்கார்ந்து காவா குடித்துவிட்டுப் போவார். லாரி, டயர், முட்டிவலி. வாங்கிய நிலத்தில் கோதுமை சுமாராக விளைந்தது. பங்குப் பேச்சை அவர்கள் இருவரும் எடுத்ததில்லை. 1405இல் ஹுஸ்ஸாவின் நிக்காஹுக்கு வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக நின்று கைகொடுத்தவர் ஜாசிர்தான். சந்தையில் சிலர் ஹைலாவின் காதுபடவே பைத்தியக்காரி என்றார்கள், சிலர் நல்லவள் என்றார்கள். இரண்டுக்கும் அவர் விலையை மாற்றவில்லை.

கடையின் தபால் பெட்டி என் பெயரில் இருந்ததால் அதை மட்டும் புரைதாக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அதில் என் சொந்தக் கடிதங்கள்தான் வந்தன. ஒருநாள் இத்தாலியிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அரபியில் தட்டச்சு செய்திருந்தார்கள். சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஹைலா வாஷர்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"துகைல் பேருக்கு வந்திருக்கு, பழைய பட்டியல்ல அவர் பேரு இன்னும் இருக்கும் போல. அவர் முகவராச் சேர்ந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சாம். நன்றி சொல்றாங்க. நல்லா இருக்கணும், நீண்ட ஆயுளோட இருக்கணும்னு வாழ்த்தியிருக்காங்க."

"ம்."

"கம்பெனிய வேற யாரோ வாங்கிட்டாங்களாம். அதுக்கு முன்னாடி பழைய முகவர்களுக்கு ஒரு விருந்து. மனைவியோட வரச் சொல்லியிருக்காங்க. இனிமே இந்த முகவரிக்குக் கடிதம் வராதாம். இதுதான் கடைசி."

அவர் கம்பியின் முனையை மடக்கி முறுக்கினார்.

"பதில் எழுதட்டுமா?" என்றேன். "மவுத்தாயிட்டாருன்னு."

"அவங்களே கடையை மூடிட்டாங்களே. யாருக்கு எழுதுறது?" என்றார். பிறகு, "பெரிய வாஷர் நாப்பது, சின்னது அறுபத்தி ரெண்டு. எழுதிக்கோங்க," என்றார்.

எழுதிக்கொண்டேன். உறையின் ஓரத்தில், அது கைக்கு வந்த நாளையும் குறித்தேன்: 1409 ரஜப் 14.